ஐந்து மணிக்குப் பிறகு

தமிழ் எழுத்தாளர்கள் பார்த்த வேலைகளை ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தார். கலாப்ரியாவும் வங்கி ஊழியர்தான். பூமணி கூட்டுறவுத் துறை. ஜெயமோகன் தொலைபேசித் துறை. தி.ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு அகில இந்திய வானொலிக்குப் போனவர். இமையம் பள்ளிக்கூட வாத்தியார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. பறவைகளைப் பற்றியும் பழைய சினிமா பற்றியும் ஒரே ஈடுபாட்டுடன் எழுதிய தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரி. எழுத்தையே நம்பிப் பிழைத்தவர்களும் உண்டு. புதுமைப்பித்தன் பட்ட பாடு ஊரறிந்தது. ஆனால் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் தமிழில் வந்த நல்ல எழுத்தில் கணிசமான பகுதி, பிழைப்புக்கு வேறொரு வேலை பார்த்தவர்கள் அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் எழுதியது.

பாராட்டு விழாக்களில் இதைச் சொல்லும்போது, “அத்தனை வேலைக்கு நடுவிலும் எழுதினார் பாருங்கள்” என்பார்கள். கைதட்டல் விழும். அதில் எனக்குப் பாதி சம்மதம்தான். அந்த வேலைகளுக்கு ‘முடியும் நேரம்’ என்று ஒன்று இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவுண்டரை மூடினால் மூடியதுதான். கணக்கு டேலி ஆகாத அன்று கொஞ்சம் தாமதமாகும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் கடைசியில் ராத்திரியாகும். மற்ற நாட்களில் லெட்ஜர் யார் பின்னாலும் வீடு வரை வந்ததில்லை. மேலாளர் நினைத்தாலும் கூப்பிட முடியாது; பெரும்பாலானவர்கள் வீட்டில் போனே கிடையாது.

1948ஆம் ஆண்டை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு வந்த தொழிற்சாலைகள் சட்டம், ஒரு தொழிலாளியிடம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டமும் நிறைவேறியது. பிறகு ஊர் ஊராகக் கிளை நூலகங்கள் வந்தது அந்தச் சட்டத்தின் வழியாக. வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு; வேலை முடிந்து போய் உட்கார ஓர் இடம். இரண்டும் சேர்த்துத் திட்டமிடப்பட்டவை அல்ல. ஆனாலும் சாயங்காலம் கிளை நூலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து படித்து வளர்ந்த தலைமுறைக்கு இரண்டுமே கைகொடுத்தன.

அந்த வரம்பை யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. 1918இல் பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களைச் சேர்த்து சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய தொடக்கக் குறைகளில் ஒன்று. கூலி உயர்வுக்குக் கொடி பிடித்த வரலாறு நமக்குத் தெரியும். வாயில் போட்டதை நிதானமாக மென்று விழுங்கப் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்டதும் அதே வரலாறுதான். ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே மாதம் முதல் தேதி, தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் கொடி அது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘பிடித்ததைச் செய்ய நேரம் ஒதுக்குவது எப்படி’ என்று இன்று கேட்டால், பதில் சொல்ல வருபவர் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளராகத்தான் இருக்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள், நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், முன்னுரிமை கொடுங்கள் என்கிறார். நான்கு மணிக்கு எழுந்தால் சாதிக்கலாம் என்பது உண்மையானால், நம் வீட்டுப் பெண்களெல்லாம் எப்போதோ சாதித்து முடித்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஒரு மேலதிகாரி

கணித மேதை ராமானுஜன் கதையை நாம் வறுமையும் மேதைமையும் கலந்து சொல்வது வழக்கம். எனக்கு அதில் பிடித்தது அலுவலகப் பகுதி. 1912 மார்ச் முதல் தேதி, சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவருக்கு மேலே இருந்தவர் நாராயண ஐயர். அவரே கணிதம் தெரிந்தவர். இந்தியக் கணிதச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். ராமானுஜனிடம் இருப்பது என்ன என்பது அவருக்குப் புரிந்தது. மாலையில் இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்களாம். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோனவரும் அவர்தான். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. துறைமுக எழுத்தர் என்றுதான் அதில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மற்றபடி முழு நேரமும் கணக்குப் போடலாம். அடுத்த ஆண்டு மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டார்.

ஓர் எழுத்தரின் வேலையில் இருந்த இடைவெளியைக் கண்டும் காணாமல் இருந்தது அந்த அலுவலகம். இன்னும் ஒருபடி மேலே போய் அதை ஆதரித்தது. ‘வேலை நேரத்தில் இது என்ன?’ என்று ஒரு மெமோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இன்றைக்கு மேலாளர் நாற்காலியில் இருப்பவர்கள் நாராயண ஐயர் பெயரை ஒருமுறையாவது நினைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் மாலையில் மிருதங்கம் வாசிக்கிறாரா, பழங்காசு சேர்க்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியுமா?

ராமானுஜன் வீட்டைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கணக்கில் மூழ்கியிருக்கும் ராமானுஜன் எழுந்து வர வேண்டாம் என்று, அம்மாவோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைப்பார்களாம். அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. அந்தச் சோற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை.

யாருடைய ஐந்து மணி?

மேலே போட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். அத்தனையும் ஆண்கள். வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன். அலுவலகம் முடிந்து வந்தவர் கை கால் கழுவி மேஜைக்குப் போனால், காபி மேஜைக்கு வரும். குழந்தையின் வீட்டுப் பாடம், மாமியாரின் மருந்து, மறுநாளுக்கு மாவு அரைப்பது எல்லாவற்றையும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். எழுத்தாளரின் ஐந்து மணி அந்த இன்னொருவரின் கணக்கில் கழிந்தது.

எழுத்தாளர் சல்மாவின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில், வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்துக்குப் பிறகு எழுதுவதற்கு வீட்டில் அனுமதி இல்லை. எல்லோரும் தூங்கிய பின் கழிவறையில் நின்றுகொண்டு எழுதினார். தாள்களை ஒளித்து வைத்தார். அம்மாவின் உதவியோடு அவை ரகசியமாக வீட்டை விட்டு வெளியேறிப் பத்திரிகைகளுக்குப் போயின. சல்மா என்பதே வீட்டுக்குத் தெரியாமல் எழுதுவதற்கு வைத்துக்கொண்ட பெயர். அவருடைய நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 2001இல் அவர் பேரூராட்சித் தலைவராகிவிட்டார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். கடைசியில் கிடைத்த பதவிகளைப் பார்த்து, ‘மனமிருந்தால் மார்க்கம் உண்டு’ என்று இதை முடித்துவைக்கப் பலருக்கும் ஆசை வரும். கழிவறையில் நின்று எழுத வேண்டியிருந்ததே, அது யாருடைய குற்றம் என்று கேட்பவர்கள் குறைவு.

இன்றைய நிலை என்ன? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்கள், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு நாளொன்றுக்கு 305 நிமிடம் செலவிடுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்கு ஒன்றரை மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை. 2019இல் எடுத்தபோது பெண்களின் கணக்கு 315 நிமிடமாக இருந்தது. ஐந்து ஆண்டில் பத்து நிமிடம் மிச்சம். இந்த வேகத்தில் போனால் நம் பேத்திக்கும் மாலை நேரம் கிடைக்காது. ‘என் மனைவிக்கு ஹாபி எதுவும் கிடையாது சார்’ என்று சொல்லும் கணவர்கள், இந்த 305ஐ ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

புறநகர் ரயிலின் பெண்கள் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பூ கட்டுவார், ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் சுவரில் சாய்ந்து தூங்குவார். எப்போதாவது ஒருவர் கையில் நாவல் இருக்கும். அந்தப் பெட்டியில்கூட வீடு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வேலை முடிவதே இல்லை

சரி, ஆண்களுக்காவது அந்த மாலை மிஞ்சியிருக்கிறதா? அதுவும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவரிடம் “எத்தனை மணிக்கு முடியும்?” என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் விடியும்போது இவருக்கு மீட்டிங். லேப்டாப் பை தோளிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் டீம் லீடர் இரவு பத்தரைக்குப் போடும் ‘அர்ஜென்ட்’டுக்குக் கட்டைவிரலாவது காட்டியாக வேண்டும். வேலையே இல்லாத இரவிலும் வேலை வரக்கூடும் என்ற நினைப்பு போகாது. அந்த நினைப்போடு யாரும் வீணையைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு மாலை ஏழு மணிதான் வேலை சூடுபிடிக்கும் நேரம். ஊக்கத்தொகை கிடைக்க இன்னும் இரண்டு ஆர்டர் பாக்கி என்று ஆப் சொன்னால், வீட்டுக்குத் திரும்பவிருந்த வண்டி மறுபடி ஹோட்டல் வாசலுக்குப் போகும். அவருக்கு மேலாளரே கிடையாது. எனவே ‘போதும், போ’ என்று சொல்லவும் ஆள் இல்லை. தமிழக அரசு 2023இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2025இல் சென்னை அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தார்கள். உட்கார இடம் கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையே 2021இல்தான் சட்டமாக வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும்.

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடி ஏற்றி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

இன்னொரு பக்கம், இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் 2025 ஜனவரியில் அதை 90 ஆக்கினார்; ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம். போக வர இரண்டு மணி, தூக்கம் ஏழு மணி. மிச்சம் இருப்பது இரண்டு மணி நேரம். குளியல், சாப்பாடு, கரன்ட் பில், பிள்ளையின் முகம் எல்லாம் அதற்குள். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்று கேட்டவருக்கு, முகம் பார்ப்பதைத் தவிர வீட்டில் வேறு வேலையே இருந்ததில்லை போலிருக்கிறது.

வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்பை எடுக்காமலிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. இங்கே 2018இல் சுப்ரியா சுலே எம்.பி. இதே உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக என்ன நடக்குமோ அதுதான் நடந்தது; சட்டமாகவில்லை.

‘இதில் என்ன வரும்?’

நேரத்தைத் திருடுவது முதலாளி மட்டும் இல்லை. கைப்பேசியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரிந்தும் விட முடியாத விஷயம். அதைவிட என்னை உறுத்துவது வேறு. பிடித்ததைச் செய்கிறவரைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி. ஒரு பெண் நன்றாக முறுக்குச் சுற்றினால் ‘யூடியூப் ஆரம்பிங்களேன்’ என்கிறோம். ஒருவர் மாடியில் அவரைக்கொடி வளர்த்தால் ‘விற்கலாமே’ என்கிறோம். ஓடுகிறவரிடம் மெடல் எங்கே என்கிறோம். இரண்டு மாதத்தில் அந்த முறுக்குக்கு லைட்டிங், எடிட்டிங், வாரம் இரண்டு வீடியோ என்று கெடு வந்துவிடும். சம்பளமில்லாத இரண்டாவது வேலை தயார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று அச்சடித்தது எதுவானாலும் சேர்த்தார். இதையெல்லாம் வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அவரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 1992இல் அவர் காலமானார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டிலேயே நூலகமாக வைக்க ஏற்பாடு செய்தது. சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகாமல் இன்று தமிழ் அச்சு வரலாற்றை யாரும் எழுதிவிட முடியாது.

‘ரிடையர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்களுக்கு ஐராவதம் மகாதேவனைக் காட்டலாம். 1954இல் ஐ.ஏ.எஸ். ஆனவர். அரசு வேலையில் இருந்தபடியே தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின் பின்னால் போனார். கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர மன்னர்களின் பெயர்களை 1965இல் அடையாளம் கண்டார். சிந்துவெளி எழுத்துகளுக்கான அவருடைய தொகுப்பு 1977இல் வந்தது. அதன் பிறகுதான், ஐம்பது வயதில், 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார். தமிழ் பிராமி பற்றிய பெருநூல் வெளியானது 2003இல். தொடங்கியதிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு. ஓய்வுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் கணக்கு ஒத்துவந்திருக்காது. அதிகாரிக்கு ஜீப்பும் சுற்றுப்பயணமும் உண்டு, குமாஸ்தாவுக்கு இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் எழுத்தாளர் நாஞ்சில் நாடனுக்கு ஜீப் கிடையாது. விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்த அவருக்கு ஐந்து மணியே கிடையாது. அவருடைய நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வந்தது. அவர் மும்பைக்குப் பிழைக்கப் போன காலம் அது.

கடற்கரையில் சிலர்

சென்னையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் ஒரு குழு கடற்கரையில் நடக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர், மணலில், டார்ச் வெளிச்சத்தைக்கூட அடக்கிக்கொண்டு நடப்பார்கள். ஆமையின் தடத்தைக் கண்டால் குழியைத் தேடி, நூற்றுக்கு மேல் இருக்கும் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைப்பார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுவார்கள். கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988இலிருந்து இதைச் செய்துவருகிறது. கூட வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு; பகலில் அலுவலகம் போகிறவர்களும் உண்டு. பொதுமக்களை அழைத்துப் போவது வெள்ளி, சனி இரவுகளில். மறுநாள் விடுமுறை என்பதால்தான் அந்தக் கிழமைகள். வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை என்ற ஏற்பாடு இருப்பதால் ஓர் ஆமைக்குஞ்சு கடலுக்குப் போகிறது என்று சொன்னால் அது மிகை ஆகாது. 90 மணி நேரக்காரர்கள் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இரவு நடக்க முடியாதவர்களுக்கு எளிதான வழி ஒன்று இருக்கிறது. 2015இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே, மொட்டை மாடியோ வாய்க்கால் கரையோ, குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காகமும் மைனாவும் கணக்கில் வரும். பைனாகுலர் கட்டாயம் இல்லை. வருகிற பொங்கலுக்கு வீட்டில் இருக்கும் பெண்களை அதற்கு அனுப்புங்கள். அன்றைக்குக் கரும்பு வெட்டுவது, வடை தட்டுவது, பாத்திரம் கழுவுவது யார் என்பதை ஆண்கள் முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள்.